பசி, நிறைவு, சர்க்கரை: குடல் ஹார்மோன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடைக்குறைப்பு ஊசிகள் பேச்சில் அடிபடத் தொடங்கியதிலிருந்து ‘குடல் ஹார்மோன்’ என்ற சொல் எல்லோரிடமும் புழங்குகிறது. ஊசியைப் பற்றிக் கேட்பவர்களில் பலருக்கு அது எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று தெரிவதில்லை. அதனால் குடலிலிருந்தே தொடங்குகிறேன். சில பதில்கள் நீளும். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும்.

குடல் என்பது உணவைச் செரிக்கும் குழாய்தானே? அது ஹார்மோனும் சுரக்குமா?

சுரக்கும், அதுவும் இருபதுக்கும் மேற்பட்ட வகைகளில். தைராய்டையோ கணையத்தையோ படத்தில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். குடலின் ஹார்மோன் செல்களை அப்படிக் காட்ட முடியாது. இரைப்பை முதல் மலக்குடல்வரை உட்சுவர் நெடுகிலும், மற்றச் செல்களுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக அவை சிதறிக் கிடக்கின்றன. உட்சுவர்ச் செல்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான் இந்த வகை. ஆனால் குடல் மிக நீளமானது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் உடம்பின் மிகப் பெரிய நாளமில்லாச் சுரப்பி குடல்தான்.

இப்படிப்பட்ட செல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், அடி அகன்று கழுத்து குறுகிய குடுவைபோல் இருக்கும். குறுகிய முனை, உணவு நகர்ந்து செல்லும் பாதையை எட்டிப் பார்த்தபடி நிற்கும். அகன்ற அடிப்பகுதியில் ஹார்மோன் நிரம்பிய நுண்துகள்கள் அடைந்து கிடக்கும். அதற்கும் கீழே ரத்தத் தந்துகி. மேல்முனையில் சர்க்கரையோ கொழுப்பு அமிலமோ வந்து பட்டால், கீழ்முனையில் துகள்கள் திறந்து ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். நாக்கு இனிப்பை அறியப் பயன்படுத்தும் அதே வகை ஏற்பிகள், அதாவது குறிப்பிட்ட பொருள் வந்து பொருந்தும் பூட்டு போன்ற புரதங்கள், இந்தச் செல்கள் சிலவற்றிலும் காணப்படுகின்றன. விழுங்கியபின் நமக்குச் சுவை முடிந்துவிடுகிறது. குடல் அப்போதுதான் ருசி பார்க்கத் தொடங்குகிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஹார்மோன் என்ற கருத்தே குடலிலிருந்துதான் பிறந்தது. 1902-க்கு முன், கணையம் எப்போது செரிமான நீரைச் சுரக்க வேண்டும் என்பதை நரம்புகளே சொல்கின்றன என்று நம்பினார்கள். ரஷ்யாவில் உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் அந்தக் கருத்தில் உறுதியாக இருந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருவரும் மைத்துனர்கள், ஸ்டார்லிங்கின் தங்கையைத்தான் பேலிஸ் மணந்திருந்தார்.

மயக்க மருந்து கொடுத்த நாய் ஒன்றின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டினார்கள். அதற்குச் செல்லும் நரம்புகள் எல்லாவற்றையும் அறுத்தார்கள். உடம்போடு அந்தத் துண்டுக்கு இருந்த ஒரே தொடர்பு ரத்தக்குழாய்கள். பிறகு அதனுள் நீர்த்த அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புக் கோட்பாடு சரியென்றால் கணையம் பேசாமல் இருந்திருக்க வேண்டும். கணையமோ வழக்கம்போலச் சொட்டுச் சொட்டாகச் சுரந்தது. உடனே ஸ்டார்லிங் குடல்துண்டின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்த நீரை நாயின் ரத்தநாளத்தில் ஏற்றினார். சற்று நேரத்தில் கணையம் முன்னைவிடப் பெருக்காகச் சுரக்கத் தொடங்கியது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்குச் செக்ரட்டின் என்று பெயரிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல், இப்படி ரத்தத்தில் பயணம் செய்து தொலைவிலுள்ள உறுப்பை ஏவும் பொருள்களுக்குப் பொதுப்பெயராக ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் வழக்குக்குக் கொண்டுவந்தார். தூண்டுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

அறுபட்ட நரம்புகளையும் அரைத்த சவ்வையும் வைத்துக்கொண்டு ஒரே பிற்பகலில் ஒரு துறையையே திறந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

வளர்சிதை மாற்றத்தில் இவற்றுக்கு என்ன வேலை?

உணவு வருவது விட்டு விட்டு. செல்களுக்கு எரிபொருள் வேண்டியதோ எந்நேரமும். இந்த இடைவெளியை நிரவுவதுதான் வேலை. வரவு எவ்வளவு, எந்த வகை, எவ்வளவு வேகத்தில் உள்ளே விட வேண்டும், எதைச் செலவழிப்பது, எதைச் சேமிப்பது, அடுத்த வேளையை எப்போது தேடுவது என்று கணையத்துக்கும் கல்லீரலுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் மூளைக்கும் முன்கூட்டியே தகவல் போக வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியபிறகு விழித்துக்கொண்டால் காலம் கடந்துவிடும்.

முன்கூட்டியே தகவல் போகிறது என்பதற்கு என்ன சான்று?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஒருவருக்குக் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று அளக்கிறார்கள். இன்னொரு நாள் அதே ஆளுக்கு ரத்தநாளம் வழியாகக் குளுக்கோஸை ஏற்றுகிறார்கள். ஏற்றும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், முதல் நாள் வரைபடத்தோடு அச்சாகப் பொருந்தும்படி ரத்தச் சர்க்கரையை வைத்திருக்கிறார்கள். கணையம் ரத்தத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பதாக இருந்தால் இரண்டு நாளும் ஒரே அளவு இன்சுலின் சுரந்திருக்க வேண்டும். நடப்பது வேறு. குடித்த நாளில் இன்சுலின் இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? குடல் வழியாக வந்த சர்க்கரைக்கு மட்டும் கிடைத்த பரிந்துரை அது. 1964-இல் இந்த வேறுபாட்டை முதன்முதலில் அளந்து காட்டினார்கள். இதற்கு இன்க்ரெட்டின் விளைவு என்று பெயர். சர்க்கரை உட்கொண்டபின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்த விளைவால் வருவதுதான். அதை உண்டாக்குபவை ஜிஐபி, ஜிஎல்பி-1 என்ற இரண்டு குடல் ஹார்மோன்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் இதே சோதனையைச் செய்தால் இரண்டு நாள் இன்சுலினுக்கும் வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. 1986-இல் இது தெரிந்தபோது, நீரிழிவைக் கணையத்தின் நோயாக மட்டும் பார்த்துவந்தவர்கள் குடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஜிஎல்பி-1 என்னதான் செய்கிறது?

நான்கு இடங்களில் கை வைக்கிறது. கணையத்தில் இன்சுலினைக் கூட்டுகிறது. அதே கணையத்தில், சர்க்கரையை ஏற்றிவிடும் குளுக்ககானைக் குறைக்கிறது. இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணிக்கிறது. மூளையில் போதும் என்ற உணர்வைத் தூண்டுகிறது.

இன்சுலினைக் கூட்டும் விதத்தில் ஒரு நயம் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே உயர்ந்திருந்தால்தான் ஜிஎல்பி-1 தள்ளிவிடும். சர்க்கரை இறங்கிவிட்டால் அதன் கை தானாகவே தளர்ந்துவிடும். சர்க்கரை அளவைப் பாராமல் இன்சுலினைப் பிழிந்தெடுக்கும் பழைய வகை மாத்திரைகளில் தாழ்சர்க்கரை ஆபத்து இருப்பதற்கும், ஜிஎல்பி-1 வழியில் அது குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

இன்னொரு வேடிக்கை. ஜிஎல்பி-1-உம் குளுக்ககானும் ஒரே மரபணுவிலிருந்து வருபவை. அந்த மரபணு தரும் நீண்ட புரதத்தைக் கணையத்தின் ஆல்ஃபா செல் ஓரிடத்தில் வெட்டினால் குளுக்ககான். குடலின் எல் செல் வேறிடத்தில் வெட்டினால் ஜிஎல்பி-1. சர்க்கரையை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே துணியில் வெட்டிய இரண்டு சட்டைகள்.

எல் செல்கள் குடலின் கடைசிப் பகுதியில்தானே அதிகம்? உணவு அங்கே போய்ச் சேருமுன் ஜிஎல்பி-1 எப்படி உயர்கிறது?

நல்ல கேள்வி. பின்சிறுகுடலிலும் பெருங்குடலிலும்தான் எல் செல்கள் அடர்த்தி. உண்ணத் தொடங்கிக் கால்மணி நேரத்துக்குள் ரத்தத்தில் ஜிஎல்பி-1 ஏறத் தொடங்கிவிடுகிறது. முதல் கவளம் அவ்வளவு தூரம் போயிருக்காது. மேற்குடலிலும் ஓரளவு எல் செல்கள் இருப்பது ஒரு விடை. மேற்குடலிலிருந்து நரம்பு வழியாகக் கீழே தகவல் போகிறது என்பது மற்றொன்று. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை.

ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடம்கூடத் தாங்காதாமே?

உண்மை. டிபிபி-4 என்ற நொதி அதன் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தரித்துவிடுகிறது. சுரந்த இடத்துக்கு அருகிலுள்ள தந்துகிகளிலேயே அந்தக் கத்தரி காத்திருக்கிறது. சுரந்ததில் பத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடுதலாக வைத்துக்கொண்டாலும் அவ்வளவுதான், பழுதில்லாமல் பொது ரத்த ஓட்டத்தை எட்டுகிறது.

அப்படியானால் மூளைக்கு எப்படிச் செய்தி போகிறது? பக்கத்திலேயே வேகஸ் நரம்பின் முனைகள் இருக்கின்றன. வேகஸ் என்றதும் மூளையிலிருந்து உறுப்புகளுக்கு ஆணை போகும் பாதை என்று நினைக்கிறோம். அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் எதிர்த்திசையில், உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. ஹார்மோன் ரத்தத்தில் அழியுமுன் நரம்பைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறது. பாவ்லோவும் முழுக்கத் தோற்றுவிடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜிஐபி?

மேற்குடலின் கே செல்களில் சுரப்பது. 1970-களின் தொடக்கத்தில் இனங்காணப்பட்டபோது இரைப்பைச் சுரப்பைத் தடுக்கும் பொருளாக எண்ணிப் பெயர் வைத்தார்கள். இன்சுலினைத் தூண்டுவதே முக்கியப் பணி என்று பிறகு தெரிந்ததும், அதே சுருக்கெழுத்துகள் பொருந்தும்படி விரிவை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். உடல்நலமுள்ளவர்களிடம் இன்க்ரெட்டின் விளைவின் பெரும்பங்கு இதனுடையதுதான். கொழுப்புத் திசுவிலும் இதற்கு வேலை உண்டு.

பசியைத் தூண்டும் ஹார்மோன் எது?

கிரெலின். இந்தக் கூட்டத்தில் ‘சாப்பிடு’ என்று சொல்லும் குரல் பெரும்பாலும் இது ஒன்றுதான்; மற்றவை அநேகமாக ‘போதும்’ என்று சொல்பவை. 1999-இல் ஜப்பானில் மசாயாசு கோஜிமாவும் கென்ஜி காங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடியது பசியை அன்று. வளர்ச்சி ஹார்மோனை வெளியேற்றும் ஏற்பிக்கு இயற்கையில் பொருந்தும் சாவியைத் தேடினார்கள். மூளையில் கிடைக்கும் என்று எதிர்பார்த்தது இரைப்பையில் கிடைத்தது. 28 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த ஹார்மோனில் மூன்றாவது இடத்தில் ஒரு சிறு கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கிறது. அது ஒட்டாவிட்டால் சாவி பூட்டில் நுழையாது.

உணவு நேரத்துக்கு முன் கிரெலின் ஏறுகிறது, உண்டதும் இறங்குகிறது. ஒருவர் எந்நேரத்தில் சாப்பிட்டுப் பழகியிருக்கிறாரோ அந்நேரத்தை ஒட்டி ஏறுகிறது. ஒரு வேளையைத் தவறவிட்டுவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்தால் பசி தானாகத் தணிவதைப் பலர் கவனித்திருப்பார்கள். கிரெலின் அலை வடிவில் வருவதும் அதற்கு ஒரு காரணம்.

அப்படியென்றால் பருமனானவர்களுக்குக் கிரெலின் அதிகமா?

பொதுவாகக் குறைவு. எல்லோரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. சேமிப்பு நிறைய இருப்பதை அறிந்து உடம்பு அதைத் தணித்துவைக்கிறது. கிரெலின் மரபணுவே இல்லாத எலிகளும் ஏறக்குறைய இயல்பாகவே உண்கின்றன. செயல்படும் கிரெலின் இல்லாத எலிகளைக் கடும் பட்டினியில் வைத்தால்தான் வேறுபாடு தெரிகிறது: அவற்றின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுகிறது. ‘பசி ஹார்மோன்’ என்ற பட்டம் கவர்ச்சியானது. பஞ்சகாலக் காவலாளி என்பது அதற்கு இன்னும் பொருத்தமான பெயராக எனக்குப் படுகிறது.

பசித்தால் வயிறு ஏன் கடமுடவென்று சத்தம் போடுகிறது?

அது துப்புரவு வேலையின் சத்தம். வயிறு காலியாக இருக்கும்போது 90 நிமிடம் முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை இரைப்பையில் தொடங்கும் பலத்த சுருக்க அலை ஒன்று சிறுகுடல் நெடுகிலும் நகர்ந்து, மிச்சம் மீதியையும் நுண்ணுயிரிகளையும் கூட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. காற்றும் நீரும் சேர்ந்து நகர்வதால் அந்த ஓசை. இந்த அலையைத் தொடங்கிவைப்பது மோட்டிலின் என்ற குடல் ஹார்மோன். ஒரு வாய் உண்டதும் அலை நின்றுவிடும்.

எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சிலருக்கு வயிற்றைப் பிசைவதற்கும் இதுவே காரணம். மோட்டிலினின் ஏற்பியில் தற்செயலாக அது பொருந்திக்கொள்கிறது. இரைப்பை அசைவு மந்தமானவர்களுக்கு அந்தப் பக்க விளைவையே மருத்துவர்கள் மருந்தாகப் பயன்படுத்துவதும் உண்டு.

வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்பவை எவை?

இரைப்பை விரிவதை நரம்புகள் முதலில் சொல்கின்றன. அடுத்து, கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் சுரக்கிறது. பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை இறக்குவதும், கணையத்தின் நொதிகளை வரவழைப்பதும், இரைப்பையின் கதவைச் சற்று நேரம் சாத்திவைப்பதும் இதன் வேலை. கூடவே வேகஸ் வழியாக மூளைக்குப் போதும் என்கிறது. உணவு கடைக்குடலை நெருங்கும்போது எல் செல்களிலிருந்து பிஒய்ஒய் என்ற இன்னொரு ‘போதும்’ ஹார்மோன், ஜிஎல்பி-1 இரண்டும் சேர்ந்து சுரக்கின்றன. செரியாத கொழுப்பு அவ்வளவு தூரம் வந்துவிட்டது என்றால் மேலே அவசரம் அதிகம் என்று பொருள். உடனே மேற்குடலின் வேகத்தை இவை குறைக்கின்றன.

கோலிசிஸ்டோகைனின் பசியை அடக்குவதை 1973-இல் எலிகளில் காட்டினார்கள். எடைக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். ஒவ்வொரு வேளைக்கும் அதைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது எலிகள் வேளைக்குக் குறைவாகத்தான் உண்டன. ஆனால் வேளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கணக்கை நேர்செய்துகொண்டன! ஒரு வாசலை அடைத்தால் மூளை இன்னொரு வாசலைத் திறக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மெதுவாகச் சாப்பிட்டால் பயன் உண்டா?

உண்டு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒரு நாள் 5 நிமிடத்திலும் இன்னொரு நாள் 30 நிமிடத்திலும் சாப்பிடச் செய்தார்கள். மெதுவாக உண்ட நாளில் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 இரண்டும் கூடுதலாக இருந்தன. இந்த ஹார்மோன்கள் உச்சத்தை எட்ட நேரம் பிடிக்கும். அள்ளி விழுங்கினால் அவை வந்து சேருமுன் தட்டு காலியாகியிருக்கும்.

லெப்டினும் குடல் ஹார்மோன்தானா?

பெரும்பாலும் கொழுப்புத் திசுவில் சுரப்பது. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு கண்டுபிடித்தது. குடல் ஹார்மோன்கள் இந்த வேளைக் கணக்கைப் பார்க்கின்றன. லெப்டின் மாதக்கணக்கில் சேர்ந்த இருப்பைப் பார்க்கிறது. மூளை இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவெடுக்கிறது.

கஷ்டப்பட்டுக் குறைத்த எடை ஏன் திரும்பிவிடுகிறது? மனஉறுதி போதாதா?

எனக்கு வரும் கேள்விகளில் அதிகமாக வலியோடு கேட்கப்படுவது இது. எடையைக் குறைத்துவிட்டுத் திரும்பப் பெற்றவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். சுற்றியிருப்பவர்களும் வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

2011-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மிகு எடையுள்ள 50 பேரைப் பத்து வாரம் கடுமையான கலோரிக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. எதிர்பார்த்தபடியே லெப்டின், பிஒய்ஒய், கோலிசிஸ்டோகைனின் எல்லாம் இறங்கின, கிரெலின் ஏறியது, பசியும் ஏறியது. இதில் புதுமை இல்லை. எடை குறைத்து ஓராண்டு கழித்து மறுபடி அளந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் செய்தி. குறைந்த எடையில் ஒரு பகுதி அதற்குள் திரும்பிவிட்டிருந்தது. அப்படியிருந்தும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. ஓராண்டு முழுவதும் உடம்பு பஞ்சம் முடிந்ததாக நம்பவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும் பசியின் முன் மனஉறுதியை மட்டும் நிறுத்திவைத்து, அது தோற்றால் ஆளைக் குறைசொல்வது நியாயமில்லை.

இதற்காக முயற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. எடை குறைந்தபிறகுதான் கடினமான கட்டம் தொடங்குகிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் பலர் வேறுவிதமாகத் திட்டமிடுவார்கள்.

இரைப்பை அறுவைசிகிச்சை செய்தவுடன் நீரிழிவு ஏன் குறைகிறது?

வயிற்றைச் சிறிதாக்கினால் குறைவாகச் சாப்பிடுவார்கள், எடை குறையும், சர்க்கரை இறங்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் பைபாஸ் முறையில் எடை குறைய நேரம் கிடைக்குமுன், சில நாள்களிலேயே பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. இந்த முறையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, குடலின் முதல் பகுதியைத் தாண்டிக் கீழே இணைக்கிறார்கள். உணவு விரைவாகக் கீழ்க்குடலில் போய் விழுவதால் ஜிஎல்பி-1-உம் பிஒய்ஒய்யும் உணவுக்குப்பின் பல மடங்கு உயர்கின்றன. முதல் நாள்களில் கிட்டத்தட்ட உணவே இல்லாமல் இருப்பதற்கும் சர்க்கரை இறங்குவதில் கணிசமான பங்கு உண்டு. எல்லாப் புகழையும் ஹார்மோனுக்கே கொடுத்துவிடக் கூடாது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்வளைவும் அதோடு போய்விடுகிறது. பசியே தெரியவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபக்கமும் உண்டு: பைபாஸ் செய்துகொண்ட சிலருக்கு ஜிஎல்பி-1 மிகையாகி, உண்ட ஓரிரு மணி நேரத்தில் இன்சுலின் எகிறி, சர்க்கரை தாழ்ந்து மயக்கம்வரை போவதுண்டு.

இரண்டு நிமிடத்தில் அழியும் ஹார்மோன் எப்படி வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியாயிற்று?

வழி காட்டியது ஒரு பல்லி. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில், 1990-களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற மருத்துவ ஆய்வாளர் எக்சென்டின்-4 என்ற பொருளைக் கண்டார். அமைப்பில் மனித ஜிஎல்பி-1-ஓடு பாதியளவுதான் ஒத்துப்போனது. ஆனால் அதே ஏற்பியில் பொருந்தியது. டிபிபி-4 கத்தரிக்கும் அசையவில்லை. அதைச் செயற்கையாகத் தயாரித்து, எக்செனடைட் என்ற பெயரில் நாளுக்கு இருமுறை போடும் நீரிழிவு ஊசியாக 2005-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

அதற்கடுத்த தலைமுறையில் பல்லியை விட்டுவிட்டு மனித ஜிஎல்பி-1-ஐயே சீர்செய்தார்கள். செமாகுளூடைட் என்ற ஊசி மருந்தில் கத்தரி வெட்டும் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, பக்கவாட்டில் நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலி ஒன்றை ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலி ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு உடம்பெங்கும் சுற்றிவருகிறது. சிறுநீரகமும் எளிதில் வடிகட்டிவிட முடியாது. பாதியளவு நீங்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. நீரிழிவுக்கு 2017-இலும் எடைக்கு 2021-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் ஏற்பிகளையும் ஒரே மூலக்கூறால் தூண்டும் டிர்செபடைட் 2022-இல் நீரிழிவுக்கும் 2023-இல் எடைக்கும் வந்தது.

எடைக்கான பெரிய சோதனைகளில் செமாகுளூடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் அளவுக்கும், டிர்செபடைட் உச்ச அளவில் 72 வாரத்தில் 21 சதவீதம் அளவுக்கும் உடல் எடையைக் குறைத்தன. முன்னர் இருந்த எந்த மருந்தும் இந்த அளவை நெருங்கியதில்லை. நீரிழிவு இல்லாமல், இதயநோயும் மிகு எடையும் உள்ளவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் ஆபத்தைச் செமாகுளூடைட் 20 சதவீதம் குறைத்ததாக 2023-இல் தெரியவந்தது.

ஊசியை நிறுத்தினால்?

பசி திரும்பும். செமாகுளூடைட் சோதனையில் நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போலத்தான் இதுவும்.

பக்க விளைவுகள், எச்சரிக்கைகள்?

குமட்டல் முதலிடம். வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவையும் வரலாம். அளவைப் படிப்படியாகக் கூட்டுவது இவற்றைக் குறைக்கத்தான். பித்தப்பைக் கற்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. கணைய அழற்சி அரிதாக வரும். குறையும் எடையில் ஒரு பகுதி தசையாகவும் இருக்கும். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் செமாகுளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலினோடோ சில நீரிழிவு மாத்திரைகளோடோ சேர்ந்தால் சர்க்கரை தாழக்கூடும். அறுவைசிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த ஊசியைப் பற்றி மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்: பட்டினி கிடந்தும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம்.

‘இயற்கை ஜிஎல்பி-1’ என்று விற்கும் மாத்திரைகள் பயன் தருமா?

என் கருத்து: பணத்தை வீணாக்காதீர்கள். எந்த உணவும் ஜிஎல்பி-1-ஐ ஓரளவு தூண்டத்தான் செய்யும். ஆகவே விளம்பரத்தில் பொய் இல்லாமலே ஏமாற்ற முடிகிறது. உண்டபின் இந்த ஹார்மோன் இரண்டு மூன்று மடங்கு உயர்கிறது, சுரந்த சில நிமிடங்களில் கரைந்தும்போகிறது. ஊசி மருந்தோ பன்மடங்கு வலிமையோடு இரவு பகல் பாராமல் வாரம் முழுவதும் ஏற்பியில் அமர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது அகல்விளக்கையும் கலங்கரை விளக்கத்தையும் ஒன்றென்பது போல.

செலவில்லாத வழிகள் சில உண்டு, பலன் மிதமானது. மாவுச்சத்துக்கு முன்னால் காய்களையும் புரதத்தையும் உண்டால் உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. எல் செல்களில் அவற்றுக்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன.

தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

2004-இல் உடல்நலமுள்ள இளைஞர்கள் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டார்கள். நிறையத் தூங்கிய நாள்களோடு ஒப்பிட்டபோது லெப்டின் 18 சதவீதம் குறைந்தும் கிரெலின் 28 சதவீதம் கூடியும் இருந்தன. சிறிய ஆய்வுதான், பிற்கால ஆய்வுகள் எல்லாம் இதே எண்களைத் தரவில்லை. தூக்கம் கெட்டால் அதிகமாக உண்கிறோம் என்பது மட்டும் மீண்டும் மீண்டும் உறுதியாகியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் என் குடல் ஹார்மோன்களை அளந்து பார்க்கலாமா?

ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம், உங்கள் சிகிச்சைக்கு அது உதவாது. ரத்தம் எடுத்த குழாயிலேயே ஜிஎல்பி-1 சிதையத் தொடங்கும். கிரெலினில் ஒட்டிய கொழுப்பு அமிலம் கழன்றுவிடும். தடுப்பு மருந்து முன்கூட்டியே சேர்த்த குழாயில் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் கையாள வேண்டும். அப்படி அளந்தாலும் வேளைக்கு வேளை, ஆளுக்கு ஆள் மாறும் எண்ணை வைத்து எந்த மருத்துவரும் மருந்தை மாற்ற மாட்டார். இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் மட்டும் விதிவிலக்கு. மருந்துக்கு அடங்காத இரைப்பைப் புண்கள் திரும்பத் திரும்ப வந்தால், கேஸ்ட்ரினைச் சுரக்கும் கட்டி எங்காவது இருக்கிறதா என்று அறிய வெறும் வயிற்றில் அதை அளப்பார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்த எண் தானாகவே ஏறியிருக்கும் என்பதால், பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.